காய்ச்சல் என்று எழுதினேன்

என் பேத்தி சட்டம் படிக்கிறாள். ஸ்ரீரங்கம் வட்டம் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் விடுதிக்குத் திரும்புவாள். போன மாதம் வந்தவள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பாயி, எங்க வகுப்புல ஒரு விவாதம். கருக்கலைப்பு உரிமையா, பாவமா? நீ முப்பத்தாறு வருஷம் நர்சா இருந்தவ. நீ எந்தப் பக்கம்?” என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை. முளைக்கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவளிடம் சொல்லாததை அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

1981-இல் பயிற்சி முடித்து, பச்சைமலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம். அங்கிருந்து மலை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று மலை நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரை வைத்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். சாமை, மரவள்ளி, முந்திரி, பலா இவற்றை நம்பித்தான் பிழைப்பு. என் பொறுப்பில் இருந்த குக்கிராமங்களில் பாதிக்கு ஒற்றையடிப் பாதை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவேன்.

கீழே நான் வளர்ந்த ஊரில் இல்லாத இரண்டு நல்ல வழக்கம் அங்கே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொண்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரிலும் வயிற்றில் வந்ததை வேண்டாம் என்று வெளியே சொல்ல ஒரு பெண்ணுக்கு வாய் இருக்கவில்லை.

1984 மே மாதம். முந்திரிக் கொட்டை பொறுக்கி முடிகிற நேரம். ஒரு காலையில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பலா மரத்தடியில் ஒருத்தி வந்து நின்றாள். முன்வாசலுக்கு வரவில்லை. இடுப்பில் இன்னும் நடக்கத் தொடங்காத பிள்ளை. அதற்கு மேலே மூன்று.

“நாள் தள்ளிப் போயிருக்கு நர்சம்மா. இது எனக்கு வேணாம். இது பொறந்தா இதுக்குப் பால் நின்னுரும்” என்று இடுப்புப் பிள்ளையைக் காட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசங்கம் செய்தேன். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள், தானாக வந்ததைக் கலைப்பது மகாபாவம் என்றேன். இருபத்தைந்து வயதில், எனக்கு ஒரே ஒரு பிள்ளை இருந்த தைரியத்தில், நாலு பெற்றவளுக்குத் தாய்மையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில், “துறையூருக்குப் போகலாம். ஆனா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு ஒத்துக்கிட்டாத்தான் கலைச்சு விடுவாங்க” என்றும் சொன்னேன். அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. அந்தக் காலத்தில் எங்களுக்கு மாதத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று டார்கெட் உண்டு. அந்த டார்கெட் முறையை அரசு கைவிட்டது 1996-இல்தான். கலைக்க வருகிறவளை ஆபரேஷனுக்குப் பிடிப்பது எங்களுக்குச் சுலபமான கணக்காக இருந்தது. அவளுக்கோ, வயிற்றைக் கிழித்தால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க முடியாதே என்ற பயம். ஒன்றும் பேசாமல் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி என் கதவைத் தட்டினார்கள். கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அந்த நாற்றம் எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. கழியில் போர்வை கட்டித் தூளி மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு நாலு ஆண்கள் இறங்கினார்கள். நான் லாந்தர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கொட்டை உடைத்து உடைத்து, முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்கள். சோபனபுரம் விளக்கு வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது.

பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் எழுத வேண்டும். அவள் புருஷன் என் காலில் விழுந்தான். உண்மையை எழுதினால் குச்சி வைத்த கிழவி ஜெயிலுக்குப் போவாள், போலீஸ் மலை ஏறும், குடும்பம் அலையும். எனக்கும் பயம். என்னிடம் அவள் முதலில் வந்ததை யாராவது விசாரித்துவிட்டால்? ‘காய்ச்சல்’ என்று எழுதினேன்.

பேத்தி கேட்ட கேள்விக்கு முன்னுரை இது.

எந்தப் பக்கம் என்று கேட்டால், பிள்ளைகளே, நான் ஒளிக்காமல் சொல்கிறேன். கருவை வெறும் சதை என்று என்னால் நினைக்க முடியாது. வயிற்றில் குழல் வைத்துக் காதைப் பொருத்தி எத்தனையோ குழந்தைகளின் துடிப்பைக் கேட்டவள் நான். கலைந்த கருவைப் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கியதில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியைப் பார்த்து நிற்கும்போது அவற்றுக்காகவும் கும்பிடுகிறேன். என் வயிற்றில் வந்திருந்தால் நான் கலைத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அது என் வயிறு, என் மனசு, என் வீட்டில் இருந்த அரிசி. அதை வைத்து இன்னொருத்தியின் வயிற்றுக்குத் தீர்ப்புச் சொன்னேன். அவள் செத்தாள். அந்த மலைப்பாதையில் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: முடிவு எடுக்க வேண்டியவள் அவள். நாம் அவள் கூட நடக்க வேண்டியவர்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் குற்றம் என்றது. தனக்குத்தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. சுதந்திரம் வந்தும் அது மாறவில்லை. ஒளிந்து ஒளிந்து கலைத்துப் பெண்கள் சாவது தாங்காமல் 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. அது 1966-இல் அறிக்கை கொடுத்தது. அதன்மேல்தான் 1971-இல் மருத்துவ முறையில் கருவைக் கலைப்பதற்கான சட்டம் வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையானது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர், இருபது வாரம் வரை இரண்டு டாக்டர் ஒத்துக்கொண்டால் கலைக்கலாம். 2021 திருத்தம் அதை நீட்டியது. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், பதினெட்டு நிரம்பாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே புருஷனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு இருபத்து நாலு வாரம் வரை, இரண்டு டாக்டர்கள். கருவில் பெரிய கோளாறு என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே இல்லை.

பழைய சட்டத்தில் கருத்தடை தவறிப் போனதைக் காரணமாகச் சொல்லும் இடத்தில் “மணமான பெண்”, “கணவன்” என்றே இருந்தது. 2021-இல் அது “பெண்”, “துணை” என்று ஆனது. கல்யாணம் ஆகாத ஒரு இருபத்தைந்து வயதுப் பெண்ணின் வழக்கில் 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மணமானவள், மணமாகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. புருஷனே வன்முறை செய்து உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பலாத்காரமாகவே பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா. அந்தப் பகுதியைப் பேத்தி எனக்குப் படித்துக் காட்டியபோது, மலையில் என்னிடம் ஜாக்கெட்டைத் தூக்கி முதுகைக் காட்டிய பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

ஆனாலும் பேத்தி ஒன்று சொன்னாள், அது சரிதான். இது பெண்ணுக்கு நேராகக் கொடுத்த உரிமை இல்லை, டாக்டருக்குக் கொடுத்த பாதுகாப்பு. பழைய 312 அப்படியே உயிரோடு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவு என்று நம்பர்தான் மாறியிருக்கிறது. குச்சி வைத்துக்கொண்டு பிழைத்துவிட்டால் இன்றைக்கும் அவள் குற்றவாளி. இதை மாற்ற வேண்டியது உங்கள் தலைமுறை.

சட்டம் படிக்காத பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. அது நாள் கணக்கு.

இருபது வாரம் என்று சட்டம் சொல்வது, கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிற இருபது வாரம். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் என்று நீ நினைக்கும்போது கணக்கில் ஏற்கெனவே ஐந்து வாரம் ஓடியிருக்கும். அப்புறம் பயத்தில் ஒரு மாதம், யாரிடம் சொல்வது என்று ஒரு மாதம், பணம் புரட்ட ஒரு மாதம். மலைப் பெண்களிடம் தேதி கேட்டால் சொல்லத் தெரியாது. “சாமை அறுத்தப்ப தலைக்கு ஊத்தினேன்” என்பார்கள். “முந்திரி பூத்தப்ப” என்பார்கள். எந்தப் பயிர் எந்தக் காட்டில் எப்போது என்று நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அதை வைத்து வாரம் கணிப்பேன். 1984-க்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் ஒரு தினசரி காலண்டர் வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன். துறையூர்க் கடைகளில் மிச்சம் கிடந்ததையெல்லாம் கேட்டு வாங்கி மேலே தூக்கிப் போவேன். படிக்கத் தெரியாதவளுக்கும் ஒரு சுழி போடத் தெரியும். “வந்த அன்னிக்கு அந்தத் தாளைக் கிழிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டு வை, ஆத்தா” என்று சொல்லிக் கொடுத்தேன். பல வீடுகளில் அந்தத் தாள்கள் பானைக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வந்தவளுக்குச் சுலபமாக முடிந்தது. தாமதமாக வந்தவளுக்கு வேதனையும் செலவும் ஆபத்தும் வாரத்துக்கு வாரம் ஏறியது.

அடுத்தது கையெழுத்து. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். படிவம் ‘சி’ என்று ஒரு தாள். அதில் அவள் கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை. புருஷன் கையெழுத்து வேண்டாம், மாமியார் வேண்டாம், கல்யாணப் பத்திரிகை வேண்டாம், ஆதாரம் காட்டச் சொல்லி எஃப்.ஐ.ஆர். வேண்டாம். 2022 தீர்ப்பும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நடப்பது என்ன? “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் கண் முன்னாலேயே நடந்தது. புருஷன் திருப்பூரில் வேலை, வர ஒரு வாரம் ஆகும். அவள் பன்னிரண்டாவது வாரத்தில் இருந்தாள். நான் அந்தப் படிவத்தை விரித்து, புருஷன் பெயருக்கு இதில் கோடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்விட்டு வந்தாள். அன்று மாலையே முடிந்தது. அவளைப் போல எத்தனை பேர் படியிறங்கித் திரும்பிப் போயிருப்பார்கள்? அவர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அரசு ஆஸ்பத்திரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் இடம் என்றால் அனுமதிச் சான்றைப் பார்வைக்கு மாட்டியிருக்க வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் உள்ளே போகாதீர்கள். உங்கள் பெயரை டாக்டர் வெளியே சொன்னால் ஒரு வருடம் வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் விஷயம்தான் என்னை ரொம்ப வாட்டுகிறது. அவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அதோடு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மலையில் பதினேழு வயதில் மாமன் மகனோடு குடித்தனம் போனவளுக்கு அது கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயத்தில் அவள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டாள். கலைக்க மட்டும் இல்லை, பிரசவத்துக்கும் வரமாட்டாள். 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது: பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கிற தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதே நேரத்தில், பெற்றவர்களே, பதினேழு வயதில் கட்டிக் கொடுக்காதீர்கள். அந்த இடுப்பு இன்னும் பிரசவத்துக்கு விரியவில்லை.

குச்சியின் காலம் போய் மாத்திரையின் காலம் வந்துவிட்டது. மாத்திரை நல்லதுதான், டாக்டர் பார்த்துக் கொடுத்தால். ஒன்பது வாரத்துக்குள், கரு கர்ப்பப்பையில்தான் தங்கியிருக்கிறது என்று தெரிந்து, ரத்தம் எவ்வளவு போகும், எப்போது ஓடிவர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற மாத்திரை உயிர் காக்கும். 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையில் முடிந்தவை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த மலைப் பிள்ளை ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். யாரோ வாங்கிக் கொடுத்ததை விழுங்கியிருந்தாள். கரு குழாயில் தங்கியிருந்தது அவளுக்குத் தெரியாது. அதற்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவள் உதடு வெள்ளைத் தாளாக இருந்தது. பிழைத்துக்கொண்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள். முதலில் யாரிடமாவது வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு ஸ்கேனோடு தெரிந்திருக்கும்.

ஸ்கேன் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மலைக்கு மேற்கே சேலம். பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கொடுமைக்காக 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம். கள்ளிப்பால் குறைந்த இடத்தில் ஸ்கேன் வந்தது. வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைப்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. அதைப் பெண்ணின் விருப்பம் என்று சொல்லி யாரும் என்னிடம் வாதாட வேண்டாம். அப்படி வந்தவர்களில் ஒருத்தியும் தானாக வந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் ஒரு மாமியார், ஒரு புருஷன், ஒரு சொத்துக் கணக்கு இருந்தது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994 சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்தியது குடும்பம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்கு 943 பெண் பிள்ளைகள். அந்தக் குறை நம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. ஆனால் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்கிற அந்தச் சட்டத்தைக் கண்டு பயந்து, நாலாவது ஐந்தாவது மாதத்தில் வருகிற எந்தப் பெண்ணையும் தொடமாட்டேன் என்கிற டாக்டர்கள் இருக்கிறார்களே, அது அநியாயம். சட்டம் தடுப்பது பாலினம் பார்ப்பதைத்தான்.

எனக்கே விடை தெரியாத ஒரு வழக்கையும் சொல்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு பிள்ளை பெற்ற, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த பெண். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தீட்டு வரவில்லை. கர்ப்பம் என்று தெரியவே இல்லை. இருபத்தாறு வாரம் ஆகியிருந்தது. முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு இரண்டு நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபட்டது, கடைசியில் மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இருபத்தாறு வாரத்துப் பிள்ளையை நான் கையில் ஏந்திப் பிழைக்க வைத்திருக்கிறேன். அந்தத் தாயின் கண்ணில் இருந்திருக்கக்கூடிய இருட்டையும் பார்த்திருக்கிறேன். நான் நீதிபதியாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும்: “பால் குடுக்கிறப்ப தங்காது” என்ற நம்பிக்கை பச்சைமலையில் இருந்தது போலவே டெல்லி வரைக்கும் இருக்கிறது. பிரசவமான பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போதே, தீட்டு வராமலும் தங்கும் என்று யாராவது அவளிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டியது என்னைப் போன்ற நர்சுகளின் வேலை.

சட்டம் இறுகினால் என்ன ஆகும் என்று பார்க்க அயர்லாந்துக்குப் போகலாம். பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பன்னவர், வயது 31. கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் பதினேழாவது வாரத்தில் கர்ப்பம் கலையத் தொடங்கியது. பிழைக்காது என்று தெரிந்தும், கருவின் துடிப்பு இருக்கிறது என்று எடுக்க மறுத்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி 2012 அக்டோபர் 28-ஆம் தேதி இறந்தார். இது கத்தோலிக்க நாடு என்ற பேச்சைத் தான் சொன்னதாக அங்கிருந்த ஒரு மூத்த செவிலியர் விசாரணையில் ஒத்துக்கொண்டார். அதைச் செய்தித்தாளில் படித்தபோது பலா மரத்தடியில் நின்ற என்னைத்தான் பார்த்தேன். அந்த நாட்டு மக்கள் 2018 மே 25-இல் வாக்களித்துத் தடையை நீக்கினார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர். அமெரிக்காவில் 1973 முதல் இருந்த பாதுகாப்பை 2022-இல் அவர்கள் நீதிமன்றமே எடுத்துவிட்டது. பக்கத்தில் இலங்கையில், தாயின் உயிரைக் காக்க மட்டுமே என்கிற 1883 சட்டம் இன்றும் நடக்கிறது. அங்கேயும் நம் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள்.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று எழுந்து போகாதீர்கள். நாள் தள்ளிப் போவதற்கு இரண்டு பேர் காரணம். ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆணுக்கான கருத்தடை ஆபரேஷன் பெண்ணுக்கானதைவிட எளிது, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். என் முப்பத்தாறு வருடத்தில் அதற்காக என்னிடம் வந்த ஆண்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவள் வேண்டாம் என்றால் கூடப் போங்கள். வேண்டும் என்றாலும் கூட நில்லுங்கள். மாத்திரைப் பட்டையை வாங்கிக் கையில் திணித்துவிட்டுப் போனை அணைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களில் யாராவது டாக்டராகலாம், நர்சாகலாம், வக்கீலாகலாம். உங்கள் சாமியை நீங்கள் கும்பிடுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் கையொப்பம் போடாமல்கூட இருங்கள். ஆனால் வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த வாசல் எது என்று சொல்லுங்கள், முடிந்தால் அதுவரை கூட்டிப்போய் விடுங்கள். இதை நான் உங்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன்.

நான் எழுதிய அந்தப் பதிவேடு இப்போது எங்கேயும் இருக்காது. செல்லரித்திருக்கும். அதனால் இங்கே திருத்தி எழுதுகிறேன். பெண். வயது இருபத்தெட்டு. நாலு பிள்ளைகளின் தாய். பச்சைமலை. 1984 மே. இறப்புக்குக் காரணம், பாதுகாப்பில்லாத கருக்கலைப்பு. சட்டம் நடைமுறைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னிடம் அவள் கேட்டு வந்தபோது எட்டாவது வாரம்.